காதல் பூட்டுகள் ஏறிய பாலத்தில் முதலில் விழுவது எது?

நடைமேடை (இழையைத் தொடங்கியவர்)

பாரிஸில் செய்ன் ஆற்றின் மேல் உள்ள போன் தேஸார் நடைபாலத்திலிருந்து, காதலர்கள் கிராதியில் மாட்டிச் சாவியை ஆற்றில் வீசிய 45 டன் பூட்டுகளை 2015-இல் அகற்றினார்கள். அன்றிலிருந்து "பூட்டுச் சுமையால் பாலமே விழப் பார்த்தது" என்று எல்லோரும் எழுதுகிறார்கள். நூற்றுக்கணக்கான பேர் ஒரே நேரத்தில் நிற்கும் பாலத்துக்கு 45 டன் அவ்வளவு பெரிய சுமையா? இல்லை, ஆபத்து கைப்பிடிக் கிராதிக்கு மட்டும்தானா? புதிதாக நடைபாலம் வடிவமைக்கும்போது இதை எப்படிக் கணக்கில் எடுப்பது? எண்களோடு விளக்கக்கூடியவர்கள் எழுதுங்கள்.

கிராதிக்கணக்கு

உங்கள் சந்தேகம் சரி. கணக்குப் போட்டால் உடனே தெரிந்துவிடும்.

பாலத்தின் நீளம் 155 மீட்டர், அகலம் சுமார் 10 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். இன்றைய ஐரோப்பிய விதியில் நடைபாலத் தளத்துக்குக் கூட்டச் சுமை சதுர மீட்டருக்கு 5 கிலோநியூட்டன், அதாவது ஏறக்குறைய 500 கிலோ. தளம் முழுக்க ஆள் நின்றால் 775 டன். பூட்டுகளின் 45 டன் அதில் 6 சதவீதம். எனவே இந்தச் சுமைக்கு வளைவுகளும் தளமும் விழாது.

இனி கிராதி. இரண்டு பக்கமும் சேர்த்து 310 மீட்டர். 45 டன்னைச் சமமாகப் பரப்பினால் மீட்டருக்கு 145 கிலோ. ஆனால் நடுப்பகுதியில்தான் எல்லோரும் பூட்டினார்கள், அங்கே இதைவிட நிறைய இருந்திருக்கும். வெறும் கம்பிவலைச் சட்டம் ஒன்று மீட்டருக்கு 15, 20 கிலோதான் எடையிருக்கும். அதைத் தாங்கும் கிளிப்புகளும் ஓர வெல்டிங்குகளும் அந்த எடைக்கும், சாய்ந்து நிற்கும் ஆளின் தள்ளலுக்கும் கணக்கிட்டவை. அவற்றின் மேல் ஏழெட்டு மடங்கு தொங்குகிறது.

இங்கே ஒரு தவறான எண்ணத்தையும் திருத்த வேண்டும். தூண் வளைந்து விழும் என்று பலர் நினைக்கிறார்கள். விதிப்படி தூண் தாங்க வேண்டியது கைப்பிடி உயரத்தில் மீட்டருக்கு 1 கிலோநியூட்டன் பக்கவாட்டுத் தள்ளல். 1.1 மீட்டர் உயரம், 2 மீட்டர் இடைவெளி என்றால் ஒரு தூணின் அடியில் அதை வளைக்கும் திருப்புவிசை 2.2 கிலோநியூட்டன்-மீட்டர். பூட்டுகளோ செங்குத்தாகத் தொங்குபவை. தூண் மையத்திலிருந்து 6 சென்டிமீட்டர் தள்ளித் தொங்கினாலும் 0.2-ஐத் தாண்டாது. தூண் நிற்கும். போல்ட்டும் அறுவதில்லை, ஒரு சாதாரண 8 மி.மீ. போல்ட்டே ஒரு டன்னுக்கு மேல் தாங்கும். மெல்லிய கிளிப் தகடு மடங்கும், வலையின் ஓர வெல்டிங் ஒவ்வொன்றாக விடும். ஒன்று விட்டால் பக்கத்துப் புள்ளிக்குச் சுமை போகும், பிறகு அதுவும் விடும்.

காற்றையும் சேர்க்க வேண்டும். திறந்த வலையில் காற்று ஊடுருவிப் போகும். பூட்டுகள் நிறைந்தபின் அது சுவர். மணிக்கு 90 கி.மீ. காற்றில் சதுர மீட்டருக்குச் சுமார் 40 கிலோ அழுத்தம். வலைக்கென்று கணக்கிட்ட கிராதிக்கு இது யாரும் எழுதிவைக்காத சுமை.

செய்ன்கரை

கிராதிக்கணக்கு அண்ணா சொன்னதுதான் அங்க நடந்தது. 2014 யூன் 8 பின்னேரம், 2.4 மீட்டர் நீளத்துக்குக் கம்பிவலைச் சட்டம் கழண்டு விழுந்தது. ஒருத்தருக்கும் காயமில்லை. பாலம் கொஞ்ச நேரம் மூடி, அந்த இடத்தில பலகை அடிச்சுத் திறந்தவை. கீழ உல்லாசப் படகுகள் ஓயாமல் போற ஆறு அது. அந்தச் சட்டம் ஒரு படகுக்கு மேல விழுந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் எண்டு நினைச்சுப் பாருங்கோ.

பாலத்தின்ர வரலாறும் இதோட சேர்த்துப் பார்க்க வேண்டியது. முதல் பாலம் 1804-இல திறந்தது, பாரிசின்ர முதல் இரும்புப் பாலம், ஒன்பது வளைவு. ரெண்டு உலகப் போரிலையும் குண்டுச் சேதம், அதுக்குப் பிறகு படகு மோதல்கள். 1977-இல மூடினவை. 1979-இல ஒரு சரக்குப் படகு மோதி 60 மீட்டர் இடிஞ்சு விழுந்தது. இப்ப நிக்கிறது 1981-க்கும் 84-க்கும் இடையில உருக்கில கட்டினது, ஏழு வளைவு. அந்தப் பழைய மெல்லிய தோற்றம் கெடக்கூடாது எண்டுதான் கிராதிக்கும் ஊடுபார்க்கிற வலை வைச்சவை. ஒரு கரையில லூவ்ர், மற்றக் கரையில பிரெஞ்சு அக்கடமி இருக்கிற அன்ஸ்தித்யூ கட்டடம். செய்ன் கரை 1991-இல இருந்து யுனெஸ்கோ பட்டியலில இருக்கு. பின்னேரங்களில பாரிஸ் சனம் பாலப் பலகையில குந்தியிருந்து சாப்பிட்டுக் கதைக்கிற இடம். குந்தியிருந்தால் கண்ணுக்கு நேர இருக்கிறது கைப்பிடி இல்லை, வலை. அதைப் பூட்டால அடைச்சாப் பிறகு ஆறே தெரியாமல் போச்சு. எடைக் கணக்கில வராத நட்டம் அது.

பூட்டு வரத் தொடங்கினது 2008 அளவில. 2010-இல நகரசபை கவலை தெரிவிச்சது. பிறகும் அஞ்சு வருசம் இழுத்தபடியால்தான் 45 டன் சேர்ந்தது. 2015 யூன் 1-இல அகற்றத் தொடங்கினவை. எண்ணிக்கை 7 லட்சத்தில இருந்து 10 லட்சம் வரைக்கும் சொல்லினம்.

கிராதிக்கணக்கு

அந்த எண்ணிக்கை எடையோடு ஒத்துப்போகிறது. 45 டன்னை 7 லட்சத்தால் வகுத்தால் பூட்டுக்கு 64 கிராம், 10 லட்சத்தால் வகுத்தால் 45 கிராம். 30 மி.மீ. பித்தளைப் பூட்டு ஏறக்குறைய 60 கிராம். 40 மி.மீ. என்றால் நூறைத் தாண்டும். ஆக, அங்கே தொங்கியவற்றில் பெரும்பாலானவை சின்னப் பூட்டுகள். "நான் மாட்டுவது உள்ளங்கைக்குள் அடங்கும் பூட்டு, அதனால் என்ன ஆகப்போகிறது" என்ற நினைப்பு எங்கே தவறுகிறது என்பதற்கு இந்த வகுத்தல் போதும்.

துருநோக்கி

எடையைப் பற்றி மட்டும் பேசினால் பாதிக் கதைதான். அதே எடையைப் புது வலை தாங்கும், ஐந்து வருடம் பூட்டோடு இருந்த வலை தாங்காது.

துத்தநாகம் பூசிய கம்பியில் பூச்சு 50 மைக்ரான் என்று கொள்ளுங்கள். சாதாரண நகரக் காற்றில் வருடத்துக்கு 1 முதல் 2 மைக்ரான் கரையும். 25 வருடம் கவலையில்லை. அதில் பித்தளைப் பூட்டை மாட்டினால் கணக்கு மாறுகிறது.

முதலாவது, பித்தளையும் துத்தநாகமும் தொட்டுக்கொண்டு நனைந்தால் சின்ன பேட்டரி மாதிரி. துத்தநாகம் கரைந்து பித்தளையைக் காப்பாற்றும். ஆற்று ஈரமும் மழைநீரும் கடல்நீர்போல மின்சாரம் கடத்தாது என்பதால் தொடும் இடத்தைச் சுற்றிச் சில மில்லிமீட்டருக்குள்தான் இது நடக்கும். ஆனால் பூட்டு தொங்குவதே அந்தச் சில மில்லிமீட்டரில்தான். கொத்தாகத் தொங்கும்போது பூட்டுகளின் உடலும் வலைமேல் பட்டுக்கொண்டிருக்கும்.

இரண்டாவது உராய்வு. யாராவது நடந்தாலே நடைபாலம் லேசாக அதிரும். பூட்டின் கடினமான ஷேக்கிள் (மேலே உள்ள வளைந்த கம்பி) பூச்சைச் சுரண்டிக்கொண்டே இருக்கும். பூச்சு கரைவதற்கு முன்பே தேய்ந்து போயிருக்கும்.

மூன்றாவதுதான் மோசமானது. பூட்டுக்கொத்துக்குள் புழுதியும் பறவை எச்சமும் சேர்ந்து ஈரம் காயாது. வெளியே வெயில் அடித்தாலும் உள்ளே நாள் முழுக்க நனைந்தே இருக்கும். கண்ணில் படுவது வெளியிலிருக்கும் பளபளப்பான புதுப் பூட்டு. அழுகுவது உள்ளே இருக்கும் கம்பி. பூட்டை எடுக்காமல் அந்தக் கிராதியைச் சோதிக்கவே முடியாது. பாலப் பராமரிப்பில் இருப்பவர்களுக்கு எடையைவிட இதுதான் பெரிய தலைவலி.

"துருப்பிடிக்காத எஃகு வலை போட்டால்?" என்று கேட்பார்கள். வலை கெடாது. ஆனால் மலிவுப் பூட்டுகளின் ஷேக்கிள் துருப்பிடித்து அந்தக் கறை வலையெல்லாம் வழியும். எடையும் காற்றும் அப்படியே இருக்கும்.

மஞ்சரி

எல்லாம் சரி, ஆனால் கொலோன் நகரத்து ஹோஹென்சோலர்ன் பாலத்தில் 2008 முதல் பூட்டுகள் இருக்கின்றன. 40 டன் என்கிறார்கள், பாரிஸ் அளவுதான். ஜெர்மன் ரயில்வே 2009-இல் அகற்றுவதாகச் சொன்னது, மக்கள் எதிர்த்ததும் விட்டுவிட்டது. இன்றும் இருக்கிறது, ஒன்றும் விழவில்லை. அங்கே போகிறவர்களுக்கு அது மகிழ்ச்சி. பாரிஸில் பராமரிப்புச் சரியில்லை என்பதற்காகப் பூட்டு மாட்டுகிறவர்களைக் குற்றவாளி ஆக்குவது நியாயமா?

கிராதிக்கணக்கு

மஞ்சரி, நியாயமான கேள்வி. ஆனால் இரண்டு பாலங்களும் வேறு வேறு இனம்.

கொலோன் பாலம் 1907 முதல் 1911 வரை கட்டிய ரயில் பாலம். நாளுக்கு 1,200-க்கு மேல் ரயில்கள் போகின்றன. ஒரு ரயில் எஞ்சினே 80, 90 டன். அதற்கு 40 டன் பூட்டு பொருட்டே இல்லை. அதைவிட முக்கியம், பூட்டு தொங்கும் வலை எங்கே இருக்கிறது என்பது. அது நடைபாதைக்கும் தண்டவாளத்துக்கும் இடையிலான தடுப்பு வேலி. ஆற்றின் மேல் தொங்கும் கைப்பிடி இல்லை. ஒரு சட்டம் விட்டாலும் கீழே போகும் படகின் மேல் விழாது.

எனவே "கொலோனில் முடிகிறதே" என்பதை இன்னொரு நடைபாலத்துக்கு எடுத்துப் போகாதீர்கள். மெல்போர்னில் யாரா ஆற்றின் மேல் உள்ள ஒரு நடைபாலத்தில் கிராதி முழுக்க இழுத்துக் கட்டிய எஃகுக் கம்பிகள். 20,000 பூட்டிலேயே கம்பிகள் தொய்ந்துவிட்டன, 2015-இல் மாநகராட்சி எல்லாவற்றையும் வெட்டியது. தொய்ந்தால் என்ன என்று கேட்கலாம். கம்பிகளுக்கு நடுவே உள்ள இடைவெளிதான் குழந்தை நுழைந்து விழாமல் காப்பது. கம்பி தொய்ந்து இடைவெளி அகன்றால், எதுவும் அறுந்து விழாமலே அந்தக் கிராதி தன் வேலையைச் செய்யத் தவறிவிட்டது.

ரோமின் மில்வியோ பாலம் கல்லால் ஆனது, கி.மு. 109-இல் கட்டியது. அதில் மாட்ட வலையே இல்லை. 2006-இல் ஒரு காதல் நாவலைப் படித்த இளைஞர்கள் விளக்குக் கம்பத்தில் சங்கிலி சுற்றிப் பூட்டினார்கள். அடுத்த வருடம் கம்பம் சாய்ந்தது. நகராட்சி பூட்டுக்கென்றே இரும்புத் தூணும் சங்கிலியும் நட்டது, கடைசியில் 2012-இல் எல்லாவற்றையும் எடுத்தது. நியூயார்க்கின் புரூக்ளின் பாலத்தில் 2016-இல் பூட்டு மாட்டிய விளக்குத் தாங்கும் கம்பி அறுந்து, போக்குவரத்தை நிறுத்த வேண்டியதாயிற்று. அதன்பின் அங்கே 100 டாலர் அபராதம்.

நான்கு இடத்திலும் பாலம் நின்றது. அதில் ஒட்டியிருந்த மெல்லிய உறுப்புதான் தோற்றது. கொலோனில் பூட்டு தொங்கும் வலை, விட்டாலும் ஆற்றில் விழாத இடத்தில் இருக்கிறது, அவ்வளவுதான் வித்தியாசம்.

ஊர்க்கூட்டம்

பொறியியலை எல்லாரும் நன்றாக விளக்கிவிட்டீர்கள். ஆனால் பூட்டு தானாக நடந்து வரவில்லை. ஏன் 2008-க்குப் பிறகு திடீரென்று உலகமெங்கும் என்பதையும் பேசணும்.

ஓர் ஊரின் வழக்கமாக இருக்கும்வரை இதில் சிக்கல் இல்லை. செர்பியாவின் வ்ர்ஞாச்கா பஞ்ஞாவில் முதல் உலகப்போர்க் காலத்துக் காதல் கதை ஒன்றை ஒட்டி உள்ளூர்ப் பெண்கள் பூட்டியதாகச் சொல்வார்கள். ஹங்கேரியின் பேச் நகரில் 1980-களில் இளைஞர்கள் ஒரு வேலியில் மாட்டினார்கள். ஓர் ஊரில் வருடத்துக்கு எத்தனை ஜோடி இருந்துவிடப் போகிறது! அதையே லட்சக்கணக்கில் பயணிகள் வந்துபோகும் நகரத்தில் "கட்டாயம் செய்ய வேண்டிய பத்து" பட்டியலில் சேர்த்தால் கிராதி தாங்காது. மாட்டுகிறவர் மறுநாள் விமானம் ஏறிவிடுகிறார். வெட்டுகிற செலவு ஊர்க்காரர் வரியிலிருந்து போகிறது. என் மனதை உறுத்துவது இதுதான்.

நடுவில் ஒரு வியாபாரமும் இருக்கிறது. பாலத்து முனையிலேயே பூட்டும் எழுதும் பேனாவும் விற்பார்கள். கையில் பூட்டில்லாமல் வந்தவரும் இரண்டு நிமிடத்தில் மாட்டிவிடுவார். விற்பனையைத் தடுக்காமல் பூட்டை மட்டும் வெட்டுவது குழாயை மூடாமல் தரையைத் துடைப்பது.

அபராதமும் கட்டணமும் கூட்டத்தைக் குறைத்துவிடும் என்று நம்பிவிட முடியாது. வெனிஸ் 2024-இல் பகல் பயணிகளிடம் 29 நாட்களுக்கு 5 யூரோ வாங்கியது. ஏறக்குறைய 4,85,000 பேர் கட்டினார்கள், 24 லட்சம் யூரோ வந்தது, கூட்டம் வந்துகொண்டுதான் இருந்தது. 2025-இல் 54 நாட்களாக்கி, கடைசி நேரத்தில் பதிகிறவர்களுக்கு 10 யூரோ ஆக்கினார்கள். பணம் வரும், பராமரிப்புக்கு உதவும். ஒரு பாலத்தில் ஒரு மணி நேரத்துக்கு எத்தனை பேர் என்பதை அது மாற்றாது. பழைய வெனிஸில் குடியிருப்பவர்கள் 50,000-க்கும் கீழே போய்விட்டார்கள். பாலத்தைத் தன் தெருவாக நினைத்துப் பார்த்துக்கொள்ள ஆள் குறைந்தால் அங்கே என்ன மாட்டினாலும் கேட்க ஆளில்லை.

செய்ன்கரை

ஊர்க்கூட்டம் சொல்லுறதோட ஒண்டு சேர்க்கிறன். பாரிசில போன் தேஸாரில வெட்டினதோட பூட்டு நிண்டுபோகேல்லை, இடம் மாறிச்சு. போன் நேஃப் பாலத்துப் பக்கம் போச்சு, மொன்மார்த்தில சாக்ரே-கேர் கோவிலடி வேலியிலையும் தொங்குது. ஒரு பாலத்தை மட்டும் திருத்தினால் பக்கத்துப் பாலத்துக்குச் சுமையை அனுப்புறதுதான் மிச்சம்.

மஞ்சரி

கிராதிக்கணக்கு சொன்ன வித்தியாசத்தை ஏற்கிறேன். படகுப் போக்குவரத்துள்ள நடைபாலத்தில் வேண்டாம். ஆனால் தடை மட்டும் போட்டால் மனிதர்கள் வேறு இடம் தேடுவார்கள் என்பதை செய்ன்கரையே சொல்கிறார். மாஸ்கோவில் லுஷ்கோவ் பாலத்தில் பூட்டுக்கென்றே இரும்பு மரங்கள் நட்டிருக்கிறார்கள். தென்கொரியத் தலைநகர் சியோலில் நம்சான் கோபுரத்தடியிலும் அப்படி மரங்கள் உண்டு. தரையில் நிற்கும் மரத்துக்குக் கிளிப் விடுகிற பிரச்சினையே இல்லையே?

கிராதிக்கணக்கு

உண்மை, அடித்தளம் தனியாக இருந்தால் மரம் நல்ல வழி. மூன்று விஷயம் பார்க்க வேண்டும். பாலத்தின் மேல் நடாமல் கரையில் நட வேண்டும். மரத்தை நிரம்பிய நிலையில் கணக்கிட வேண்டும்: வெறும் மரத்தில் காற்றுப் பிடிக்காது, நிரம்பியது ஒரு பாய்மரம். நிரம்பியபின் எப்போது காலி செய்வது என்பதையும் நடும்போதே எழுதி அங்கேயே பலகை வைக்க வேண்டும். இல்லையென்றால் பின்னாளில் வெட்டும்போது "என் பூட்டை ஏன் எடுத்தாய்" என்று வரும் கோபம் நியாயமான கோபமாக இருக்கும்.

நடைமேடை

ஏற்கெனவே பூட்டு ஏறிவிட்ட கிராதியை எப்படிக் காலி செய்வது? ஆளை விட்டு வெட்டச் சொன்னால் போதுமா?

துருநோக்கி

போதாது. வெட்டும் நேரத்தில்தான் கிராதி விழக்கூடும். வரிசை இப்படி:

நடப்பவர்களை நிறுத்துங்கள், கீழே படகுப் பாதையையும் மூடுங்கள். கிராதிக்கு உட்பக்கம் 1 மீட்டர் தள்ளித் தற்காலிகத் தடுப்பு வையுங்கள், ஏனென்றால் அந்தக் கிராதியை இனி யாரும் நம்பிச் சாயக்கூடாது. பிறகு ஒவ்வொரு சட்டத்தையும் தூணோடு பட்டை போட்டு இறுக்கிக் கட்டுங்கள். இதைச் செய்யாமல் கட்டரைத் தொடக்கூடாது. அழுகிய கிளிப்பைப் பிடித்துக்கொண்டிருப்பதே சில இடங்களில் பக்கத்துப் பூட்டுக்கொத்துதான்.

நிறைந்த சட்டம் என்றால் பூட்டை ஒவ்வொன்றாக வெட்டுவது வீண் வேலை. பாரிஸில் செய்ததுபோல் சட்டத்தோடு கழற்றி கிரேனில் தூக்கி லாரியில் ஏற்றுங்கள். தூக்குமுன் எடையைக் கூட்டியே மதிப்பிடுங்கள். 2.4 மீட்டர் சட்டத்துக்குச் சராசரியே 350 கிலோ வரும், நடுப்பகுதிக்கு அரை டன் என்று வைத்துக்கொண்டு கயிறு தேர்ந்தெடுங்கள்.

சில நூறு பூட்டுகள் என்றால் கையால் வெட்டலாம். 30, 40 மி.மீ. பூட்டின் ஷேக்கிள் 5, 6 மி.மீ. தடிமன், 24 அங்குல போல்ட் கட்டர் போதும். 8 மி.மீ.க்கு மேல், அல்லது கடினப்படுத்தியது என்றால் 36 அங்குலக் கட்டர் அல்லது பேட்டரி ஹைட்ராலிக் கட்டர். கிரைண்டரைக் கடைசி வழியாக வையுங்கள்: தீப்பொறி பக்கத்துக் கம்பியின் பூச்சைச் சுட்டுவிடும், கையும் வழுக்கி வலையையே வெட்டிவிடும். வெளிப்பக்கம் தார்ப்பாய் கட்டித் துண்டுகளைப் பிடியுங்கள். கண்ணாடியும் கையுறையும் கட்டாயம், கடினப்படுத்திய ஷேக்கிள் அறும்போது துண்டு தெறிக்கும்.

வெட்டியபின் வலையைக் கழுவிக் காயவிட்டு ஒவ்வொரு வெல்டிங் புள்ளியையும் சுத்தியலால் லேசாகத் தட்டிப் பாருங்கள். வெள்ளைப் பொடி என்றால் துத்தநாகம்தான் கரைகிறது, சுரண்டித் துத்தநாகப் பெயிண்ட் அடிக்கலாம். சிவப்புத் துரு வந்து கம்பி மெலிந்திருந்தால் சட்டத்தையே மாற்றுங்கள்.

பழைய உலோகத்தைப் பிரிக்கும்போது, பித்தளை உடலில் எஃகு ஷேக்கிள் இருக்கும்வரை கலப்படச் சரக்கு விலைதான் கிடைக்கும். நொறுக்கிக் காந்தத்தில் இழுத்தால் பித்தளை தனியாகும். பித்தளை முலாம் பூசிய துத்தநாகக் கலவைப் பூட்டுகளும் கலந்திருக்கும், சுரண்டினால் உள்ளே சாம்பல் நிறம் தெரியும். பாரிஸ் ஒரு பகுதியை 2017-இல் 165 தொகுதிகளாக ஏலம் விட்டது, 2,50,000 யூரோ கிடைத்தது, அகதிகளுக்கு உதவும் அமைப்புகளுக்குக் கொடுத்தார்கள். பழைய உலோக விலைக்குப் போட்டிருந்தால் அதில் ஒரு சிறு பங்குதான் வந்திருக்கும்.

சாவியைப் பற்றியும் சொல்ல வேண்டும். கடைசல் எளிதாக இருக்கப் பித்தளையில் 2, 3 சதவீதம் ஈயம் சேர்ப்பது வழக்கம். ஆற்றில் வீசும் ஒவ்வொரு சாவியும் அடிமணலில் அப்படியே கிடக்கும், அதை எடுக்க வழியே இல்லை. அமெரிக்காவின் கிராண்ட் கேன்யனில் வீசும் சாவிகளும் காசுகளும் அழியும் நிலையிலுள்ள காண்டோர் கழுகுகளின் வயிற்றுக்குள் போகக்கூடும் என்று தேசியப் பூங்கா அதிகாரிகளே எச்சரித்திருக்கிறார்கள்.

நடைமேடை

இருவருக்கும் நன்றி. கடைசியாக ஒன்று. புதுக் கிராதிக்கு, பூட்டுகளை எடுத்தபின் பாரிஸ் போட்டதுபோலக் கண்ணாடிதான் ஒரே வழியா? எங்களைப் போன்ற சின்னத் திட்டங்களுக்குக் கட்டுப்படியாகாது.

கிராதிக்கணக்கு

கண்ணாடியில் மாட்ட எதுவும் இல்லை என்பது உண்மைதான். ஆனால் வலையைவிட எடை கூட, காற்றை முழுக்க வாங்கும், வாரம் தவறாமல் துடைக்க ஆள் வேண்டும்.

மலிவான வழி ஷேக்கிளின் அளவிலேயே இருக்கிறது. 40 மி.மீ. பூட்டின் ஷேக்கிளுக்குள் கிடைக்கும் இடம் சுமார் 22 மி.மீ. எனவே வலையையும் மெல்லிய கம்பியையும் விட்டுவிட்டு 50 மி.மீ. அகலப் பட்டைகளைச் செங்குத்தாக வையுங்கள், இடைவெளி 100 மி.மீ.க்கு மிகாமல். சாதாரணப் பூட்டு எதுவும் சுற்றிப் பிடிக்காது. பட்டையின் அகலப் பக்கம் ஆற்றை மறைக்காதபடி திருப்பி வைத்தால் உட்கார்ந்தாலும் தண்ணீர் தெரியும். மேல் கைப்பிடி 50 மி.மீ. குழாய், கீழ்ச் சட்டமும் அதே தடிமன். நீண்ட ஷேக்கிளோ சங்கிலியோ கொண்டு வருபவர் ஒரு சிலர்தான், அவர்கள் மாட்டினாலும் பூட்டு வழுக்கிக் கீழ்ச்சட்டத்தில் உட்காரும், எளிதில் எடுக்கலாம்.

இதைச் செய்துவிட்டு விளக்குக் கம்பம், அறிவிப்புப் பலகை, கேபிள் தாங்கி இவற்றை மறந்துவிடாதீர்கள். கிராதியில் இடமில்லை என்றால் பூட்டு அங்கேதான் போகும். மாதாந்திரச் சோதனைத் தாளில் அவற்றுக்கு ஒரு வரி சேர்த்து, முதல் பத்துப் பூட்டு தெரிந்த அன்றே வெட்டச் சொல்லி எழுதுங்கள்.